துண்டுப் பொதிகளின் காலக்கெடு: கேர்னலுக்குள் பிழையின்றி எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணம் திருநெல்வேலி வளாகத்திலோ கிளிநொச்சி அறிவியல்நகரிலோ இறுதியாண்டுச் செயற்றிட்டமாக ஒரு சிறு கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதப் புகுபவருக்கும், லினக்ஸின் வலையமைப்புப் பகுதியைத் திருத்தப் பார்ப்பவருக்கும் உரியது இது. பெரிய பொதியை இணைப்பு தாங்கும் அளவுக்கு வெட்டிய ஐபி துண்டுகளை மீளிணைக்கும் பகுதியில், வராத துண்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது, நேரம் முடிந்ததும் எதை எந்த ஒழுங்கில் கழற்றுவது என்பதே விடயம்.

புதியவர்கள் பெரும்பாலும் டைமரில்தான் தொடங்குகிறார்கள். அங்கேதான் சறுக்கலும் தொடங்குகிறது. முப்பது விநாடி (நான்காம் பதிப்புக்கு லினக்ஸ் வைத்திருக்கும் கெடு) கழித்து ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவது மிகச் சுலபம். அந்த ஃபங்ஷன் ஓடும் அதே கணத்தில் கடைசித் துண்டும் வந்து சேர்ந்தால், துண்டுகள் காத்திருக்கும் வரிசை யாருடைய கையில் இருக்கிறது என்பதுதான் கடினம். ஆகவே டைமர் இங்கே ஐந்தாம் படியில்தான் வரும்.

தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

ஐபி நான்காம் பதிப்பின் தலைப்பில் அடையாள எண் 16 பிட், துண்டு ஒஃப்செட் (முழுப் பொதியில் துண்டு தொடங்கும் இடம்) 13 பிட், அத்துடன் எம்எஃப் (இன்னும் துண்டு உண்டு), டிஎஃப் (துண்டாக்காதே) என்ற இரண்டு கொடிகள். இவற்றைப் பார்க்காமலே வரையத் தெரிந்திருக்கவேண்டும். ஒஃப்செட் 8 பைட் அலகில் எண்ணப்படும்.

ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். 4000 பைட் யூடிபி தரவுடன் யூடிபி தலைப்பின் 8 பைட் சேர்ந்தால் 4008. எம்டியூ (இணைப்பில் ஒரே தடவையில் போகக்கூடிய பொதி அளவு) 1500 என்றால் ஐபி தலைப்பின் 20 போக ஒரு துண்டுக்கு 1480. ஆக 1480, 1480, 1048 என மூன்று துண்டுகள். ஒஃப்செட்கள் 0, 185, 370. வீட்டு இணைப்பு பிபிபிஓஈ வழியாக வந்தால் எம்டியூ 1492 ஆகும். துண்டுக்கு 1472, இரண்டாவதின் ஒஃப்செட் 184. இந்த எண்கள் மனதில் நின்றால் பொதிப்பதிவைப் பார்த்ததும் எந்தத் துண்டு காணாமற்போனது என்று சொல்லிவிடலாம்.

சோதிக்க இரண்டு கணினியும் ஸ்விட்சும் தேடி அலையவேண்டாம். ஒரே மடிக்கணினியில் லினக்ஸின் இரண்டு நெட்வேர்க் நேம்ஸ்பேஸ்களை (தனித்தனி வலையமைப்புச் சூழல்கள்) உருவாக்கி, ஒரு வெத் சோடியால் (மென்பொருள் கேபிள்) இணைத்தால் போதும். விரும்பிய துண்டை மட்டும் அனுப்ப ஸ்கேப்பி, பார்க்க டிசிபிடம்ப். கேர்னலைக் கேசான் என்ற, நினைவகப் பிழை காட்டும் வசதியுடன் தொகுத்துக்கொள்ளுங்கள். விடுவித்த நினைவகத்தைத் தொடும் பிழை இந்தப் பகுதியில் நிச்சயம் வரும். கேசான் இல்லாமல் அதைப் பிடிக்க நாட்கள் போகும்.

வீட்டு இணைப்பிலிருந்து கொழும்பில் உள்ள ஒரு சேர்வருக்குத் துண்டுகளை அனுப்பிச் சோதிக்கவேண்டாம். இடையில் இருக்கும் நாட் (முகவரி மாற்றும்) கருவிகளும் தீச்சுவர்களும் துண்டுகளைத் தாமே இணைத்துவிடும், அல்லது சத்தமின்றிக் கைவிடும். உங்கள் நிரலைச் சோதிப்பதாக நினைத்து வேறு யாருடையதோ நிரலைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

1. வரிசையின் சாவியைத் தீர்மானித்தல்

ஒரே பொதியின் துண்டுகள் ஒரே வரிசையில் சேரவேண்டும். நான்காம் பதிப்பில் சாவி நான்கு பகுதி கொண்டது: அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, புரோட்டோகோல் எண், அடையாள எண். ஆறாம் பதிப்பில் இரண்டு முகவரிகளும் 32 பிட் அடையாள எண்ணும் மட்டுமே.

அடிக்கடி காணும் பிழை, சாவியில் போர்ட் எண்ணைச் சேர்ப்பது. போர்ட் எண் முதல் துண்டில் மட்டுமே இருக்கிறது. இரண்டாவது துண்டில் அந்த இடத்தில் இருப்பது வெறும் தரவு.

சாவியை அட்டவணையின் பெட்டி எண்ணாக மாற்றும் ஹாஷ் கணக்கில் ஒரு எழுமாறான விதையைச் சேருங்கள். இல்லாவிட்டால் எல்லா வரிசைகளும் ஒரே பெட்டியில் விழும்படி ஒருவர் வெளியிலிருந்து பொதிகளைத் தயாரித்து அனுப்பமுடியும்.

2. வாசலிலேயே நிறுத்தவேண்டியவை

வரிசையைத் தேடுவதற்கு முன்பே மூன்று சோதனைகள். கடைசி அல்லாத துண்டின் தரவு நீளம் 8 ஆல் வகுபடவேண்டும். ஒஃப்செட்டும் நீளமும் சேர்த்து முழுப் பொதி 65535 ஐத் தாண்டக்கூடாது. தரவு நீளம் பூச்சியமாக இருக்கக்கூடாது.

இதை முன்னே வைப்பதற்குக் காரணம் உண்டு. வரிசையை உருவாக்கிவிட்டுச் சோதித்தால், ஒவ்வொரு குப்பைத் துண்டும் ஒரு வெறும் வரிசையையும் ஒரு டைமரையும் விட்டுவிட்டுப் போகும். அவை முப்பது விநாடி அங்கேயே கிடக்கும்.

3. வரிசை யாருக்குச் சொந்தம்

இந்தப் படியில் அவசரப்படவேண்டாம்.

ஒரு வரிசையை மூன்று தரப்பு பிடித்திருக்கலாம்: ஹாஷ் அட்டவணை, டைமர், இப்போது துண்டைச் சேர்த்துக்கொண்டிருக்கும் செயலி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெஃபரன்ஸ் கொடுத்து, எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். எண்ணிக்கை பூச்சியமானால் மட்டுமே நினைவகத்தை விடுவிக்கலாம். வேறு எந்த இடத்திலும் நேரடியாக விடுவிக்கும் வரி இருக்கக்கூடாது. இருந்தால் அது பிழை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வரிசைக்குள் வைக்கவேண்டியவை: ஒரு லொக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் தொடவிடும் பூட்டு), கொடிகள், இதுவரை சேர்ந்த பைட்டுகளின் கூட்டுத்தொகை, தெரிந்த மொத்த நீளம், துண்டுகள் இருக்கும் மரம், முடியும் நேரம், வந்த இடைமுகத்தின் எண். கொடிகள் மூன்று: ‘முதல் துண்டு வந்தது’, ‘கடைசித் துண்டு வந்தது’, ‘முடிந்தது’. லினக்ஸிலும் இந்த மூன்றும் உண்டு.

‘முடிந்தது’ என்ற கொடிதான் தீர்ப்பு. லொக்கைப் பிடித்துக்கொண்டு யார் அதை முதலில் ஏற்றுகிறாரோ அவரே வரிசையின் கதியைத் தீர்மானிப்பார். முழுமையாகச் சேர்ந்த பாதையும், காலக்கெடு முடிந்த பாதையும், மேற்பொருந்திய துண்டுக்காகக் கைவிடும் பாதையும் இந்த ஒரே கொடி வழியாகத்தான் போகவேண்டும். பிந்தி வருபவர் கொடியைக் கண்டதும் தன் ரெஃபரன்ஸை மட்டும் விட்டுவிட்டு ஒதுங்கவேண்டும்.

அட்டவணையில் தேடிக் கண்டெடுக்கும்போதும் கவனம் தேவை. தேடலுக்கு லொக் இல்லாத ஆர்சியூ முறையைப் பயன்படுத்தினால், கண்ட வரிசை ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே ‘பூச்சியம் இல்லாவிட்டால் மட்டும் ஒன்று கூட்டு’ என்ற வகையால் ரெஃபரன்ஸ் எடுங்கள். எடுத்து லொக்கைப் பிடித்த பின்னர் ‘முடிந்தது’ கொடியை மீண்டும் பாருங்கள். தேடலுக்கும் லொக்குக்கும் இடையே டைமர் அடித்திருக்கலாம். இந்த இரண்டாவது பார்வையை விடுபவர்கள்தான் அதிகம்.

இடைமுகத்தைப் பொயின்டராக வைக்காமல் எண்ணாக வைக்கச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. முப்பது விநாடிக்குள் யூஎஸ்பி மோடத்தை யாராவது பிடுங்கிவிடலாம். டைமர் அடிக்கும் வேளையில் எண்ணைக் கொண்டு இடைமுகத்தைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ஐசிஎம்பி (அனுப்புநருக்குத் தவறைச் சொல்லும் செய்தி) அனுப்பாமல் விடுங்கள்.

4. நினைவக வரம்பு

காலக்கெடு இருந்தாலும் வரம்பு வேண்டும். லினக்ஸில் நான்காம் பதிப்புக்கான மேல்வரம்பின் இயல்பு மதிப்பு 4194304 பைட், அதாவது 4 மெகாபைட். முடிவுறாத துண்டுகளால் இதை முப்பது விநாடிக்குள் நிரப்ப விநாடிக்கு ஏறத்தாழ 140 கிலோபைட் போதும். ஒரு மெகாபிட்டைச் சற்றுத் தாண்டிய வேகம். கைத்தொலைபேசி இணைப்பே அதைவிடக் கூடுதலாகத் தரும்.

கணக்கில் எடுக்கவேண்டியது தரவின் நீளத்தை அல்ல, பஃபர் உண்மையில் பிடிக்கும் இடத்தை. 8 பைட் தரவுள்ள துண்டுக்கும் கேர்னல் சில நூறு பைட் செலவிடுகிறது. தரவை மட்டும் எண்ணினால் 4 மெகாபைட் என்று நினைத்த வரம்பு பல மடங்கு வீங்கிவிடும்.

வரம்பு நிரம்பினால் பழைய வரிசைகளைத் தேடிக் கலைப்பதா, புதியவற்றை மறுப்பதா? மறுப்பதையே தெரிவுசெய்யுங்கள். லினக்ஸ் 4.17 முதல் கலைக்கும் வேலையை விட்டுவிட்டது. அதனால்தான், கலைப்பதை எதுவரை தொடர்வது என்று சொன்ன கீழ்வரம்பு என்ற அமைப்பு இப்போது பயனற்றதாகக் கிடக்கிறது. நெருக்கடியான நேரத்தில் கலைத்துக்கொண்டிருப்பது செயலிக்கு இன்னொரு சுமை.

துண்டுகளை நேர்ப்பட்டியலில் வைத்துத் தொடக்கத்திலிருந்து தேடவேண்டாம். 2018 இல் வெளியான ஃபிராக்மென்ட்ஸ்மாக் என்ற குறைபாடு இதைத்தான் குறிவைத்தது: சிறு துண்டுகளை ஒழுங்கு குலைத்து அனுப்பினால் ஒவ்வொரு செருகலும் நீண்ட நடையாகிச் செயலி மூச்சுத்திணறும். லினக்ஸ் இதற்குச் சிவப்பு–கறுப்பு மரத்துக்கு மாறியது.

5. டைமரை ஏற்றுதல்

டைமரை வரிசை உருவாகும்போது ஒருமுறை மட்டும் ஏற்றுங்கள். அடுத்த துண்டு வரும்போது நீட்டவேண்டாம்.

‘துண்டுகள் வந்துகொண்டுதானே இருக்கின்றன, இன்னும் கொஞ்சம் பொறுப்போமே’ என்று தோன்றும். அப்படிப் பொறுத்தால், 29 விநாடிக்கு ஒருமுறை 8 பைட் அனுப்புபவர் உங்கள் வரிசையை மணிக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பார். 1989 இன் ஆர்எஃப்சி 1122 என்ற இணையத் தர ஆவணம், காலக்கெடு ஒரு நிலையான மதிப்பாக இருக்கவேண்டும் என்கிறது. ஆறாம் பதிப்புக்கான ஆர்எஃப்சி 8200 முதலில் வந்து சேர்ந்த துண்டிலிருந்து 60 விநாடி என்று தெளிவாகவே சொல்கிறது. முதலில் வந்து சேர்ந்த துண்டு என்பது ஒஃப்செட் 0 துண்டாக இருக்கவேண்டியதில்லை. இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

சுவர்க் கடிகாரத்தைப் பயன்படுத்தவேண்டாம். என்டிபி (வலையமைப்பு வழியே கடிகாரத்தைச் சரிசெய்வது) நேரத்தைத் திருத்தினால் எல்லா வரிசைகளும் ஒரேயடியாகச் சாகும், அல்லது சாகாமலே நிற்கும். முன்னோக்கி மட்டும் ஓடும் டிக் எண்ணைப் பயன்படுத்துங்கள். 32 பிட் எண், விநாடிக்கு 1000 டிக் என்றால் 49.7 நாளில் அது சுற்றி மீண்டும் பூச்சியத்துக்கு வரும். ஆகவே இரு நேரங்களைப் பெரிது சிறிது என்று நேரே ஒப்பிடாமல், கழித்து வரும் விடையைக் குறியுள்ள எண்ணாகப் பாருங்கள். லினக்ஸில் இந்த எண்ணி வேண்டுமென்றே பூச்சியத்துக்கு 300 விநாடி முன்னிருந்து தொடங்குகிறது. கணினியைத் திறந்த ஐந்தாவது நிமிடத்திலேயே 32 பிட் சுற்று நடந்து பிழை வெளிப்படட்டும் என்பதற்காக! உங்கள் சிறு கேர்னலிலும் இதையே செய்யுங்கள்.

சிறு கேர்னலில் வரிசைக்கு ஒரு டைமர் வேண்டியதே இல்லை. காலக்கெடு எல்லா வரிசைக்கும் ஒன்றே என்பதால் முதலில் பிறந்தது முதலில் முடியும். உருவாகிய ஒழுங்கில் ஒரு பட்டியல் வைத்து, விநாடிக்கு ஒருமுறை அதன் தலையை மட்டும் பாருங்கள். முடியாத ஒன்றைக் கண்டதும் நிறுத்துங்கள். ஒரு விநாடி பிந்தினாலும் இங்கே யாருக்கும் நட்டமில்லை. பழைய பிஎஸ்டி அரை விநாடிக்கு ஒருமுறை எல்லா வரிசைகளிலும் ஒன்று ஒன்றாகக் குறைத்து, 60 இலிருந்து பூச்சியத்துக்கு வந்ததும் கைவிட்டது. அதுவும் முப்பது விநாடிதான்.

6. டைமர் அடிக்கும்போது: ஒழுங்கு

ஒழுங்கு மாறினால் பிழை. இப்படிப் போகவேண்டும்.

முதலில் வரிசையின் லொக். பிறகு ‘முடிந்தது’ கொடி ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் லொக்கை விட்டு, டைமரின் ரெஃபரன்ஸை விட்டு, திரும்புங்கள். எட்டாம் படியில் வரும் தோல்விக் கவுண்டரைத் தொடவேண்டாம், அந்தப் பொதி நல்லபடியாகச் சேர்ந்திருக்கலாம்.

ஏறவில்லையென்றால் நீங்கள் ஏற்றுங்கள், அட்டவணையிலிருந்து வரிசையை நீக்குங்கள், அட்டவணையின் ரெஃபரன்ஸை விடுங்கள். அதன்பின் கவுண்டர்கள். அதன்பின் முதல் துண்டு வந்திருந்தால் அதை மரத்திலிருந்து கழற்றிக் கையில் எடுங்கள்.

இப்போது லொக்கை விடுங்கள். ஐசிஎம்பி அனுப்புவது லொக்கை விட்ட பிறகுதான். அனுப்பும் பாதை வழித்தடம் தேடும், வேறு லொக்குகளைப் பிடிக்கும், நேம்ஸ்பேஸ் ஒன்றுக்குள் திரும்பிவந்து இதே மீளிணைப்புப் பகுதிக்குள்கூட நுழையலாம். வரிசையின் லொக்கைப் பிடித்தபடி அதைச் செய்தால் என்றோ ஒரு நாள் எல்லாம் உறைந்து நிற்கும்.

மற்றப் பக்கம், அதாவது முழுமையாகச் சேர்ந்த பாதை டைமரை நிறுத்தும்போது, ‘ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திரு’ என்ற வகை நிறுத்தத்தை லொக்கைப் பிடித்தபடி கூப்பிடவேண்டாம். டைமர் ஃபங்ஷன் அதே லொக்குக்காகக் காத்திருக்கும்; நீங்கள் அது முடியக் காத்திருப்பீர்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். காத்திராத வகையைக் கூப்பிட்டு, அது தரும் விடையைப் பாருங்கள். டைமர் நிலுவையில் இருந்து நீங்கள் அதை நிறுத்தினீர்கள் என்றால் டைமரின் ரெஃபரன்ஸை நீங்களே விடவேண்டும். நிலுவையில் இல்லையென்றால் அது ஏற்கெனவே ஓடுகிறது. தன் ரெஃபரன்ஸை அதுவே விடும். இந்த விடையைப் பாராமல் விட்டால் நினைவகம் ஒழுகும், அல்லது இரண்டுமுறை விடுவிக்கப்படும்.

7. ஐசிஎம்பி எப்போது

வகை 11, குறி 1: மீளிணைப்புக் காலம் கடந்தது. ஆறாம் பதிப்பில் வகை 3, குறி 1. ஒஃப்செட் 0 துண்டு கையில் இருந்தால் மட்டுமே அனுப்பவேண்டும். அந்தச் செய்தி எந்த சொக்கெட்டுக்கு உரியது என்று அனுப்புநரின் கணினி அறிய போர்ட் எண் தேவை. அது முதல் துண்டில்தான் இருக்கிறது.

பொதி உங்கள் கணினிக்கே வந்ததாகவும் இருக்கவேண்டும். இடையில் நிற்கும் ரவுட்டர் தீச்சுவருக்காகத் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்துக் காலம் கடந்திருந்தால், அது வாய்மூடி இருக்கவேண்டும்.

8. கவுண்டர்கள்

காலக்கெடு முடிந்தால் இரண்டு கவுண்டர்கள் ஏறும்: மீளிணைப்புத் தோல்வி, மீளிணைப்புக் காலக்கெடு. தோல்விக் கவுண்டர் வேறு காரணங்களாலும் ஏறும் என்பதால் இரண்டும் சமமாக இருக்கவேண்டியதில்லை.

ஒரு வேடிக்கை: எஸ்என்எம்பி என்ற வலையமைப்புக் கண்காணிப்புத் தரத்தில் ‘ரீயாசம் டைம்அவுட்’ என்ற பெயர், எத்தனை விநாடி காத்திருப்போம் என்ற மதிப்பைக் குறிக்கிறது. லினக்ஸ் அதே பெயரில் எத்தனை முறை காலம் கடந்தது என்று எண்ணுகிறது. கண்காணிப்புத் திரையில் விநாடி என்று தலைப்பிட்டு இந்த எண்ணைக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

9. சோதனைகள், இந்த ஒழுங்கில்

முதலாவது, ஒஃப்செட் 0 துண்டை மட்டும் அனுப்புங்கள். முப்பதாவது விநாடியை ஒட்டி ஐசிஎம்பி திரும்பி வரவேண்டும், இரண்டு கவுண்டர்களும் ஒன்று ஏறவேண்டும்.

இரண்டாவது, ஒஃப்செட் 185 துண்டை மட்டும். கவுண்டர்கள் ஏறவேண்டும், ஐசிஎம்பி வரக்கூடாது.

மூன்றாவது, ஒன்றை அனுப்பி 20 விநாடி கழித்து நடுத்துண்டை அனுப்புங்கள். முதலாவதிலிருந்து முப்பதாவது விநாடியில் முடிந்தால் சரி. ஐம்பதாவது விநாடிவரை இழுத்தால் டைமரை எங்கோ நீட்டியிருக்கிறீர்கள்.

நான்காவதுதான் உண்மையான சோதனை. காலக்கெடுவை ஒரு விநாடிக்குக் குறைத்து, கடைசித் துண்டை அந்த ஒரு விநாடியை ஒட்டி, சில மில்லிவிநாடி முன்பின்னாக எழுமாறாக அனுப்புங்கள். பல செயலிகள் உள்ள கணினியில் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். கேசான் மௌனமாக இருந்து, நினைவகக் கணக்கும் கடைசியில் பூச்சியத்துக்கு வரவேண்டும். லினக்ஸில் அந்தக் கணக்கு சொக்ஸ்டாட் கோப்பின் ‘ஃபிராக்’ வரியில் தெரியும். லினக்ஸில் காலக்கெடுவை மாற்றினால் புதிதாகப் பிறக்கும் வரிசைகளுக்கே அது பொருந்தும். ஏற்கெனவே நிற்பவை பழைய கெடுவிலேயே முடியும்.

சோதனையில் ஏமாற்றும் இரண்டு விடயங்கள். டிசிபிடம்ப் வடிகட்டியில் போர்ட் எண்ணைக் கொடுத்தால் முதல் துண்டு மட்டுமே தெரியும். மற்றவை வரவில்லை என்று நினைத்து அனுப்பும் பக்கத்தைக் குடைவீர்கள். முகவரியால் வடிகட்டுங்கள். இரண்டாவது, லினக்ஸ் இந்த ஐசிஎம்பி வகையை ஒரே முகவரிக்கு இத்தனைதான் என்று மட்டுப்படுத்தி அனுப்புகிறது. நூறு வரிசை ஒன்றாக முடிந்தாலும் சிலவே வரும். அது உங்கள் பிழையல்ல.

மின்சாரம் நின்று மடிக்கணினி உறக்கத்துக்குப் போனால் டிக் எண்ணும் நின்றுவிடும். விழித்த பின் மிச்ச விநாடிகள் ஓடும். அந்தச் சோதனை முடிவைக் கழித்துவிடுங்கள்.

10. எத்தனை விநாடி

ஆர்எஃப்சி 1122, 60 முதல் 120 விநாடி வரை பரிந்துரைக்கிறது. லினக்ஸ் நான்காம் பதிப்புக்கு 30, ஆறாம் பதிப்புக்கு 60. நான்காம் பதிப்பில் 30 ஐயும்விடக் குறைக்கலாம் என்பதே என் கருத்து. காரணம், அடையாள எண்ணுக்கு 16 பிட்தான் இருக்கிறது.

மேலே கண்ட 4000 பைட் பொதி தலைப்புகளோடு 4068 பைட். 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு ஏறத்தாழ 3000 பொதி போகும். ஒரே இரு முகவரிகளுக்கிடையே 65536 அடையாள எண்களும் சுமார் 21, 22 விநாடியில் தீர்ந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். முப்பது விநாடி காத்திருக்கும் பழைய வரிசையோடு புதிய பொதியின் துண்டு ஒட்டிக்கொள்ளும். ஜிகாபிட்டில் இரண்டு விநாடியே போதும். தப்பாக ஒட்டியதைப் பிடிப்பது யூடிபியின் 16 பிட் செக்சம் (சரிபார்ப்பு எண்) மட்டுமே. நான்காம் பதிப்பில் அதைப் பூச்சியமாக விடவும் அனுமதி உண்டு.

காலக்கெடுவை ஒரு விநாடிக்குக் கீழே இறக்கவும் வேண்டாம். ஒழுங்கு குலைந்து, அல்லது நெரிசலில் வரிசைகட்டி நின்று வரும் துண்டுகளுக்குச் சற்று அவகாசம் வேண்டும். வேகமான உள்வலையமைப்பில் சில விநாடிகள், பொது இணையத்தில் 15 முதல் 30 என்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

துண்டு தொலையும் இணைப்பில் காலக்கெடுவை மாற்றி எதையும் மீட்கமுடியாது. நூற்றுக்கு ஒரு துண்டு தொலைந்தால் மூன்று துண்டுப் பொதிகளில் 97 விழுக்காடு தப்பும். 64 கிலோபைட்டை ஒட்டிய பொதி 45 துண்டாகும். அவற்றில் ஏறத்தாழ 64 விழுக்காடே தப்பும். இங்கே மாற்றவேண்டியது அனுப்பும் மென்பொருளின் பொதி அளவை.

11. மூடும்போது

நேம்ஸ்பேஸை அழிக்கும்போதோ மொட்யூலைக் கழற்றும்போதோ வரிசைகள் காத்துக்கொண்டிருக்கும். முதலில் புதிய வரிசை உருவாகாதபடி அடையுங்கள்: மேல்வரம்பைப் பூச்சியமாக்கினாலே போதும். பிறகு அட்டவணையில் உள்ள ஒவ்வொன்றையும் ஆறாம் படியில் சொன்ன அதே வழியில் நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டைமர்கள் முடியக் காத்திருங்கள். இங்கே வரிசையின் லொக் கையில் இல்லாததால் காத்திருக்கும் வகை நிறுத்தம் பாதுகாப்பானது. ஆர்சியூ காலம் (நடந்துகொண்டிருக்கும் தேடல்கள் முடியும் நேரம்) கழிந்த பின்னரே அட்டவணையை விடுவியுங்கள்.

இதற்கும் ஒரு சோதனை உண்டு: முடிவுறாத சில ஆயிரம் வரிசைகளை நிரப்பிவிட்டு உடனே நேம்ஸ்பேஸை அழியுங்கள், பிறகு ஒரு நிமிடம் பொறுத்துக் கேர்னல் பதிவைப் பாருங்கள். ஒழுங்கு தவறியிருந்தால் முப்பதாவது விநாடியை ஒட்டி, இல்லாத நேம்ஸ்பேஸின் கவுண்டரை ஏற்றப்போன டைமரின் பெயர் அங்கே இருக்கும்.